சிம்பொனிக்குச் சந்தா சேர்த்தோர்

1784ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாளன்று வியன்னா நகரிலிருந்து மொசார்ட் தம் தந்தையாருக்குக் கடிதம் ஒன்று எழுதினார். இசைமேதை எழுதிய கடிதமாயிற்றே என்று இசையின் நுட்பங்களை அதிலே தேடுவோர் ஏமாற்றமடைவர். அதிற் பெரும்பகுதி வெறும் பெயர்ப் பட்டியல். கோமக்கள், பிரபுக்கள், சீமாட்டிகள் என 174 பேரின் பெயர்கள் அதில் அடுக்கப்பட்டுள்ளன. தவக்காலத்தில் மூன்று புதன்கிழமைகளிலே தாம் நடத்தவிருந்த இசையரங்குகளுக்கு ஆறு கில்டர் வீதம் முன்கூட்டியே சந்தா செலுத்தியவர்கள் அவர்கள். போட்டியாளர் இருவர் சேர்த்த பெயர்கள் இரண்டையும் கூட்டினாலும் தம் பட்டியல் முப்பது பெயரால் விஞ்சி நிற்கிறது என்று அவ்விளைஞர் பெருமிதம் கொள்கின்றார். வாசிப்பவரும் அவரே, இயற்றுபவரும் அவரே, சீட்டு விற்பவரும் அவரே.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1789ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அதே மொசார்ட் தம் நண்பரான பூக்பெர்க் என்னும் வணிகருக்குக் கடன் கேட்டு எழுதினார். மீண்டும் இசையரங்கு நடத்த எண்ணிச் சந்தாப் பட்டியலை வீடு வீடாக அனுப்பியிருந்தார். இரண்டு வாரங்கள் சென்ற பின்னும் அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அப்பெயர் ஸ்வீட்டன் பிரபுவினுடையது. இவ்வைந்து ஆண்டுகளில் மொசார்ட்டின் கலை தேய்ந்துவிடவில்லை. அவருடைய தலைசிறந்த சிம்பொனிகளுள் மூன்று 1788ஆம் ஆண்டிலே பிறந்தவை. துருக்கியருடன் மூண்ட போர் வியன்னாவின் செல்வர்களை நகரைவிட்டு அகலச் செய்திருந்தது. எஞ்சியோரின் கையும் இறுகியிருந்தது. கலைக்கும் காசுக்கும் இடையே உள்ள உறவு எத்துணை நொய்யது என்பதற்கு 174 என்னும் எண்ணும் ஒன்று என்னும் எண்ணும் சான்று.

சிம்பொனி வாத்தியக் குழு என்பது எண்பது முதல் நூறு கலைஞர்வரை ஒருங்கமர்ந்து வாசிக்கும் பேரமைப்பு. ஓர் ஓவியர் தம் ஓவியத்தை விற்கப் பத்து ஆண்டு காத்திருக்கலாம். கவிஞர் தம் கவிதையைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். நூறு கலைஞர்க்கோ மாதந்தோறும் ஊதியம் கொடுத்தாக வேண்டும். அரங்கின் ஆசனம் ஒரு விந்தையான சரக்கு. இன்றிரவு விற்காத ஆசனத்தை நாளைக்கு எடுத்துவைக்க இயலாது. சந்தைக்குக் கொண்டு சென்ற கீரை மாலையிலே வாடுவது போன்றது அது. ஆகவே, ஆசனங்களை விற்பவர் யார், அவர் அத்தொழிலை எங்கே கற்றார் என்னும் வினா இசை வரலாற்றின் அடிக்குறிப்பன்று. ஆயினும் இசை வரலாற்று நூல்களுள் பெரும்பாலானவை அவரைக் காணாமலே கடந்து செல்கின்றன.

மொசார்ட்டுக்கு முன்னரே வேறொரு வழி இருந்தது. ஜேர்மனியில் லைப்சிக் நகரில் 1743ஆம் ஆண்டிலே வணிகரும் பிரபுக்களுமாகப் பதினாறு பேர் கூடிப் பதினாறு கலைஞர்களை அமர்த்தி இசைச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1781ஆம் ஆண்டில் அச்சங்கம் துணி வணிகரின் கட்டடத்திலே தனக்கென அரங்கொன்று அமைத்துக்கொண்டது. துணிமண்டபம் எனப் பொருள்படும் ‘கேவாண்ட்ஹவுஸ்’ என்னும் பெயரே அக்குழுவுக்கு இன்றளவும் நிலைத்துவிட்டது. வணிகர் தம் கணக்கறிவை இசைக்குக் கடனாகக் கொடுத்தனர் எனலாம். இலண்டனில் சலமன் என்னும் வயலின் கலைஞர் 1791ஆம் ஆண்டிலே ஹைடனை வரவழைத்துப் பன்னிரண்டு அரங்குகளை ஐந்து கினிக்கு ஒருசேர விற்றார். எங்கும் விற்கப்பட்டது ஒரு மாலைப்பொழுதன்று, ஒரு பருவம் முழுவதுமே என்பது கவனிக்கற்பாலது.

இம்முறைகள் யாவும் செல்வரை நோக்கியவை. ஐந்து கினி என்பது தொழிலாளி ஒருவன் கனவிலும் காணாத தொகை. பொதுமக்களை அரங்கினுள் அழைக்கும் துணிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் வலுப்பெற்றது. பொஸ்டன் நகரின் வங்கியாளராகிய ஹென்றி லீ ஹிக்கின்சன் 1881ஆம் ஆண்டில் வாத்தியக் குழுவொன்றை நிறுவியபோது 25 சத ஆசனங்களும் இருத்தல் வேண்டும் என்று வகுத்தார். வரும் நட்டத்தைத் தம் சொந்தப் பணத்தால் ஈடுசெய்தார். வள்ளலின் பை ஆழமாயிருக்கும்வரை விற்பனையாளரின் திறமை சோதிக்கப்படுவதில்லை. பையில்லாதவரின் கதையே நமக்கு வேண்டுவது.

அக்கதை இலண்டன் குவீன்ஸ் மண்டபத்திலே தொடங்குகிறது. அதன் முகாமையாளராயிருந்தவர் ரொபேட் நியூமன். கோடை காலத்தில் பணம் படைத்தோர் நகரைவிட்டு நீங்கிய பின் மண்டபம் வெறிச்சோடிக் கிடப்பதை அவர் கண்டார். எஞ்சியிருந்த எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்திகளும் ஆசிரியரும் ஏன் வரலாகாது என்று எண்ணினார். கீழ்த்தளத்து நாற்காலிகளை அகற்றி, நின்று கேட்போருக்கு ஒரு ஷில்லிங் என்று விலை குறித்தார். பருவம் முழுவதற்குமான சீட்டு ஒரு கினி. உண்ணலாம், அருந்தலாம், புகைக்கலாம். இளைஞராயிருந்த ஹென்றி வூட் என்பாரை நடத்துநராக அமர்த்தி 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள் முதல் அரங்கை நடத்தினார். ‘புறொம்ஸ்’ என்று உலகம் அறிந்த இசைவிழாவின் பிறப்பு அதுவே.

நியூமனின் நுட்பம் மலிவான விலையில் மட்டும் அடங்கியதன்று. முதலில் எளிய பாடல்களும் நடனச் சந்தங்களும். பின்பு படிப்படியாகக் கனத்த இசை. திங்கட்கிழமையென்றால் வாக்னர், வெள்ளிக்கிழமையென்றால் பீத்தோவன் என்று நாட்களுக்குக் குறி வைத்தனர். நிகழ்ச்சித் தாளை ஆராயாமலே எழுதுவினைஞன் ஒருவன் தனக்குரிய மாலையை அறிந்துகொண்டான். அரிச்சுவடியிலிருந்து இலக்கணத்துக்கு மாணவனை ஏற்றிச் செல்லும் ஆசிரியரின் முறை இது. விற்பனைத் தந்திரம் என்று இதனைக் குறைத்துச் சொல்வது பொருந்தாது. நியூமனோ தம் பணத்தை நாடக முயற்சியொன்றில் இட்டு 1902ஆம் ஆண்டில் நொடித்துப் போனார். பிறர் பொருளுதவியுடன் புறொம்ஸ் தொடர்ந்தது. அவரும் 1926ஆம் ஆண்டில் இறக்கும்வரை அதன் பணியிலே இருந்தார்.

அடுத்த நிகழ்ச்சி வானொலி நேயருக்கு நெருக்கமானது. இசையை ஒலிபரப்பினால் அரங்குக்கு எவரும் வரார் என்று குவீன்ஸ் மண்டபத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த நிறுவனத்தின் தலைவர் வில்லியம் பூசி உறுதியாக நம்பினார். ஒலிபரப்பைக் கடுமையாக எதிர்த்தும் வந்தார். ஆயின் 1927ஆம் ஆண்டில் புறொம்ஸ் விழாவின் பொறுப்பை ஏற்றுக்கொண்டதே பி.பி.சி. நிறுவனந்தான். வீட்டில் கேட்டவன் நேரில் கேட்க விரும்பினான். சீட்டு விற்போர் அஞ்சிய பகையே அவர்களுக்கு ஆதரவாயிற்று. தம் தொழிலின் பகை எது, நட்பு எது என்பதை அத்தொழிலில் உள்ளோரே முன்னறிந்து சொல்ல இயலவில்லை.

இவ்வாறு சலமனும் நியூமனும் அவரனையோரும் கற்றவை அனைத்தும் அவரவருடனே மறைந்தன. கொத்தனுக்கும் தச்சனுக்கும் குருகுலம் இருந்தது. மருத்துவருக்கும் கணக்காய்வாளருக்கும் பரீட்சை இருந்தது. இசையரங்கின் ஆசனத்தை விற்பவருக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை எதுவுமில்லை. அமெரிக்காவிலே இப்பணியைப் பெரும்பாலும் பெண்கள் ஊதியமின்றிச் செய்துவந்தனர். பிலடெல்பியா வாத்தியக் குழுவின் பெண்கள் சபை 1904ஆம் ஆண்டிலே தோன்றியது. அதனைப் பின்பற்றிப் பல நகரங்களில் எழுந்த சபைகள் தேநீர் விருந்துகளிலும் தொலைபேசியிலும் அயலவரிடம் பேசிப் பருவகாலச் சீட்டுகளை விற்றன. பேரறிஞர் சிலர் இச்சபைகளை நகைத்தனர். நகைத்தவருள் எத்தனை பேர் ஒரு சீட்டேனும் விற்றனர் என்று கேட்கத் தோன்றுகிறது.

1942ஆம் ஆண்டில் கலமசூ என்னும் சிறுநகரின் வாத்தியக் குழுவை வளர்த்த லீட்டா ஸ்னோ என்னும் அம்மையாரின் முயற்சியால் அமெரிக்க சிம்பொனி வாத்தியக் குழுக்களின் சங்கம் உருவாயிற்று. பெரிய நகரங்களின் புகழ்பெற்ற குழுக்களுக்கு அதன் தேவை அவ்வளவாக இருக்கவில்லை. தனித்துத் தத்தளித்த சிறிய குழுக்களுக்கே அது வேண்டியிருந்தது. அச்சங்கத்துக்கு உயிரூட்டியவர் ஹெலன் தொம்சன். மேற்கு வேர்ஜீனியாவில் உள்ள சார்ள்ஸ்ரன் நகரில் வயலின் வாசித்துக்கொண்டே அக்குழுவின் முகாமைப் பணியையும் அவர் கவனித்தார். அந்நகரில் இரசாயனத் தொழிற்சாலைகள் பல இருந்தன. வாத்தியம் வாசிக்கத் தெரிந்த இரசாயன வல்லுநர்களைத் தேடி வேலைக்கு அமர்த்தும்படி அவற்றைத் தூண்டினார். பகலில் ஆய்வுகூடம், இரவில் வாத்தியக் குழு. கையிற் காசில்லாத முகாமையாளருக்கு இத்தகைய கற்பனை இன்றியமையாதது.

தொம்சன் அம்மையார் சங்கத்தின் நிருவாகத்தை ஏற்றபின் 1950களில் வாத்தியக் குழு முகாமையாளருக்கென்று பயிற்சி வகுப்புகள் தொடங்கின. அனுபவம் பெற்றவர் புதியவருக்குக் கற்பிக்கும் வழக்கம் அத்துறையிலே அப்போதுதான் வேரூன்றியது. அவரோ 1970ஆம் ஆண்டில் நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவின் முகாமையாளராக அழைக்கப்பட்டார். சார்ள்ஸ்ரனிலே கற்ற பாடத்துக்கு நாட்டின் மிகப் பழைய குழுவிலும் மதிப்பிருந்தது.

இக்காலத்திலே பொருளியலறிஞர் இருவர் ஒரு கசப்பான உண்மையை வெளிப்படுத்தினர். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போமல், போவன் என்னும் அவ்விருவரின் நூல் 1966ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களின் வாதம் யாதெனில், தொழிற்சாலையிலே பொறிகளின் உதவியால் ஒருவன் ஒரு மணி நேரத்தில் ஆக்கும் பொருள் ஆண்டுதோறும் பெருகுகிறது. அதற்கேற்ப ஊதியமும் உயர்கிறது. கலையரங்கிலே அவ்வாறன்று. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808ஆம் ஆண்டில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அன்று எத்தனை கலைஞர் எத்தனை நிமிடம் உழைக்க வேண்டியிருந்ததோ, ஏறத்தாழ அத்தனை கலைஞர் அத்தனை நிமிடம் இன்றும் உழைக்க வேண்டும். ஊதியமோ ஏனைய தொழில்களுடன் சேர்ந்து உயர்ந்தாக வேண்டும். ஆகவே வரவுக்கும் செலவுக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போகும். எவருடைய ஊதாரித்தனமும் இதற்குக் காரணமன்று. அக்கலையின் இயல்பே காரணம்.

அதே 1966ஆம் ஆண்டில் போர்ட் நிதியம் 61 வாத்தியக் குழுக்களுக்கு எண்பது மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையை ஒதுக்கியது. கலைஞர் ஆண்டின் சில மாதங்கள் வாசித்துவிட்டு மிகுதி மாதங்களில் வேறு தொழில் தேடி அலையும் அவலத்தைப் போக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. நல்ல நோக்கமே. ஆனால் கலைஞருக்கு நீண்ட பருவம் வேண்டுமெனின் அரங்குகளும் மிகவேண்டும். அரங்குகள் மிகுந்தால் விற்கவேண்டிய ஆசனங்களும் மிகும். கொடை கொடுத்தவரே விற்பனைச் சுமையையும் கூட்டினர் எனின் அது குற்றச்சாட்டன்று, கணக்கு.

அச்சுமையைத் தாங்கக் கற்பித்தவர் மற்றொரு நியூமன். இலண்டன் நியூமனுடன் பெயரால் ஒன்றுபட்டாலும் நாட்டாலும் காலத்தாலும் குணத்தாலும் வேறுபட்டவர் சிக்காகோ நகரின் டானி நியூமன். 1919ஆம் ஆண்டிலே பிறந்த அவர் நாடகக் கொட்டகைகளின் விளம்பரக்காரராக இளமையிலேயே தொழில் பழகியவர். பல்கலைக்கழகத்து வணிகவியல் நூல்களுக்கும் அவருக்கும் வெகுதூரம். 1954ஆம் ஆண்டிலே தோன்றிய சிக்காகோ லிரிக் இசைநாடக அரங்குக்கு அவர் சந்தா சேர்த்த திறத்தைக் கண்ட போர்ட் நிதியம், 1961ஆம் ஆண்டு முதல் அவரை நகரம் நகரமாக அனுப்பியது. நாடகக் குழுக்கள், நாட்டியக் குழுக்கள், சிம்பொனிக் குழுக்கள் அனைத்தினதும் அலுவலர்கள் அவரிடம் பாடம் கேட்டனர். 1977ஆம் ஆண்டில் அப்பாடங்கள் நூலாயின. உடனே சந்தாதாரராகுக என்னும் கட்டளையே அந்நூலின் பெயர்.

அவருடைய கொள்கையை ஒரு வரியிலே சொல்லலாம்: தனிச்சீட்டு வாங்குவோனை நம்பாதே, சந்தாதாரனைப் போற்று. தனிச்சீட்டு வாங்குவோன் மழை பெய்தால் வாரான். பத்திரிகை விமரிசகர் குறைகூறினால் வாரான். புகழ்பெற்ற பெயர் இல்லையெனின் வாரான். சந்தாதாரனோ நல்லதையும் அல்லதையும் ஒருங்கே ஏற்கும் சான்றோன். ஆதலின் விளம்பரப் பிரசுரத்தை ஆயிரக்கணக்கில் அன்று, இலட்சக்கணக்கில் அனுப்புக. நூற்றுக்கு ஒருவர் விடையளித்தாலும் போதும். பிரசுரத்தின் மொழி நாணிக் கோணி நிற்றலாகாது. நான்கு அரங்கின் விலைக்கு ஐந்து அரங்கு கொடுப்பதில் வெட்கமில்லை. தபாலுக்குப் பின் தொலைபேசி. தொலைபேசிக்குப் பின் வீட்டுக் கூட்டம். சென்ற ஆண்டு அமர்ந்த அதே ஆசனம் வேண்டுமெனின் குறித்த நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று நினைவூட்டுக.

பண்பட்டோர் சிலருக்கு இவை சந்தை இரைச்சலாகத் தோன்றின. ஆனால் அவ்விரைச்சலின் அடியிலே கலைக்கு நன்மை பயக்கும் ஒரு தருக்கம் இருந்தது. ஆசனங்கள் பருவம் தொடங்குமுன்னரே விற்றுப்போனால், அறியாத ஆசிரியர் ஒருவரின் புதிய சிம்பொனியையும் துணிந்து வாசிக்கலாம். தொடரின் ஓர் உறுப்பாக அது வரும்போது அவையோர் கேட்டே தீருவர். தனிச்சீட்டை நம்பியிருப்பவரோ ஒவ்வொரு வாரமும் பழகிய பீத்தோவனையே அழைக்க வேண்டும். விற்பனையாளரின் வெற்றி நடத்துநருக்குச் சுதந்திரம் அளித்தது. நியூமனின் இரசிகர்கள் அவருடைய எண்களையே புகழ்ந்தனர்; இந்தச் சுதந்திரத்தையே முதலிற் புகழ்ந்திருக்க வேண்டும்.

பல ஆண்டுகள் அம்முறை பலன் தந்தது. அரங்குகளின் சந்தைப்படுத்தல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்க்கு அந்நூல் பாடநூலாயிற்று. ஆயின் பாடநூல் பழகிவிட்டால் மாணவன் உலகைப் பார்ப்பதை மறந்துவிடுகிறான். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகள் பெருகின. அடுத்த ஏப்பிரல் மாதத்து மூன்றாம் வியாழக்கிழமை எங்கே இருப்போம் என்று செப்டெம்பரிலே உறுதி கூற எவரும் விரும்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே சந்தாப் பட்டியல்கள் சுருங்கின. சான்றோன் முதுமையடைந்துகொண்டிருந்தான். நம்பத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட தனிச்சீட்டுக்காரனே வாயிலில் நின்றான். அவனிடம் என்ன பேசுவதென்பது பாடநூலில் இல்லை.

இந்நிலையில் கணினி வந்தது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் இசைநாடக அரங்கு தன் தேவைக்கென ஆக்கிய பதிவுமுறையொன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே ‘ரெசிற்றூரா’ என்னும் பெயருடன் பல அரங்குகளுக்குப் பொதுவாயிற்று. அதுவரை சீட்டு விற்பவரிடம் ஓர் ஏடு, விளம்பரம் செய்பவரிடம் ஓர் ஏடு, நன்கொடை கேட்பவரிடம் மற்றோர் ஏடு. ஒரே குடும்பத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று கடிதங்கள் சென்ற நகைச்சுவையும் உண்டு. ஏடுகள் ஒன்றானபின், வந்தவர் யார், மீண்டும் வந்தாரா என்று எண்ணிப் பார்ப்பது எளிதாயிற்று.

எண்ணிப் பார்த்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. டானி நியூமன் 2007ஆம் ஆண்டு திசெம்பரிலே காலமானார். தொம்சன் அம்மையார் வளர்த்த சங்கம் அமெரிக்க வாத்தியக் குழுக்களின் சங்கம் எனப் பெயர் மாற்றிக்கொண்டதும் அதே ஆண்டிலேதான். அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் பெருங்குழுக்கள் ஒன்பதின் பதிவேடுகளை ஆராய்ந்த அறிக்கையொன்று வெளிவந்தது. முதன்முறையாக அரங்குக்கு வந்தோருள் பத்தில் ஒன்பது பேர் அளவில் அடுத்த ஆண்டு திரும்பவில்லை என்று அது காட்டியது. புதியவரை அழைத்துவரப் பெருஞ்செலவு. வந்தவரைப் பின்வாயிலால் இழந்தது மௌனமாக. ஓட்டைக் குடத்திலே நீர் மொண்டுகொண்டிருந்தனர்.

புதியவர் ஏன் திரும்பவில்லை? இசை கடினமாயிருந்ததென்றும், இளைஞரின் சுவை கெட்டுவிட்டதென்றும் விளக்கங்கள் ஆயத்தமாயிருந்தன. ஆராய்ச்சி சொன்னதோ வேறு. மீண்டும் வருவதைத் தீர்மானித்த காரணங்களுள் முன்வரிசையில் நின்றது மோட்டார் வண்டியை நிறுத்தும் இடம்! வேலை முடிந்து விரைந்து வந்தவன் வண்டியை நிறுத்த இடந்தேடி அலைந்து, முதற்பகுதியைத் தவறவிட்டு வாயிலில் நின்றால், பீத்தோவனே வந்து வாசித்தாலும் அவன் மனம் ஆறாது. வாங்கிய சீட்டை வேறொரு நாளுக்கு மாற்றித் தருவதும் அவ்வாறே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது.

இதன் பின் பயிற்சிக் கூடங்களிலே பேச்சு மாறியது. முதன்முறை வந்தவருக்கு மறுநாளே நன்றிக் கடிதம் எழுதவேண்டும். இரண்டாம் வருகைக்கு மனங்கவரும் சலுகை ஒன்றை உடனே கொடுக்கவேண்டும். அவரிடம் நன்கொடை கேட்க அவசரப்படலாகாது. ஒருமுறை வந்தவரை முழுப்பருவச் சந்தாவுக்கு இழுக்க முயன்று அச்சுறுத்தவும் ஆகாது. ஒன்று, பின்பு இரண்டு, பின்பு மூன்று அரங்குகள் கொண்ட சிறு தொடர் என்று ஏற்றிச் செல்லவேண்டும். இலண்டன் நியூமன் 1895ஆம் ஆண்டிலே இசையில் அமைத்த படிக்கட்டை இவர்கள் சீட்டிலே அமைத்தனர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொற்றுநோய் அரங்குகளை மூடியபோது விற்றுவைத்த சீட்டுகள் அனைத்தும் திடீரெனக் கடன் பத்திரங்களாயின. பணத்தைத் திருப்பிக் கேட்க உரிமையுள்ளவரிடம், அதனை நன்கொடையாக விட்டுவிடுவீர்களா என்று தொலைபேசியில் கேட்கவேண்டிய பொறுப்பு சீட்டுக் காரியாலயத்தின் இளம் அலுவலர்மீது விழுந்தது. தம் வேலையே நிலைக்குமோ என்றறியாத நிலையில், கையில் ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, முதற் பெயரிலிருந்து அவர்கள் அழைக்கத் தொடங்கினர்.